விரித்து எழுதினால் விளங்கிவிடுமா?

"டிபியை மாற்றிய பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வரவும்."

சில வருடங்களுக்கு முன் ஒரு மென்பொருள் கையேட்டில் நான் எழுதிய வரி இது. என் மனதில் இருந்த டிபி, டேட்டாபேஸ், அதாவது மென்பொருள் தன் தகவல்களைச் சேமித்து வைக்கும் இடம். அதைப் படித்த ஒருவர் தன் புரொஃபைல் படத்தை மாற்றினார், வெளியேறினார், மறுபடி உள்ளே வந்தார். பிரச்சினை அப்படியே இருந்தது. படம் சரியில்லையோ என்று வேறு ஒன்றை வைத்தும் பார்த்திருக்கிறார். அவர் போனில் இதைச் சொன்னபோது சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு வரவில்லை. கையேடு சொன்னதைத்தான் அவர் வரி பிசகாமல் செய்திருந்தார்.

தொழில்நுட்ப எழுத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: சுருக்கப்பெயர்களையும் துறைச்சொற்களையும் விளக்க வேண்டுமா? தெரிந்தவர்கள்தானே படிக்கப்போகிறார்கள்? பெரும்பாலும் கிடைக்கும் பதில், "முதல்முறை வரும் இடத்தில் விரித்து எழுதிவிடு" என்பது. விதி நல்ல விதிதான், ஆனால் பாதி வேலையைத்தான் செய்யும். விரிப்பது வேறு, விளக்குவது வேறு. என் டிபியை டேட்டாபேஸ் என்று விரித்திருந்தால் அவர் படத்தை மாற்றியிருக்க மாட்டார், அவ்வளவுதான். எந்த டேட்டாபேஸ், அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அப்போதும் திகைத்துத்தான் நின்றிருப்பார்.

ஒரு சின்ன விஷயம். இதைச் 'சுருக்கெழுத்து' என்று எழுத முதலில் கை போனது. ஆனால் அது ஷார்ட்ஹேண்டைக் குறிக்கும் சொல். அதனால் இங்கே சுருக்கப்பெயர் என்றே எழுதுகிறேன். ஒரு துறையார் தங்களுக்குள் புழங்கும் சொல்லுக்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். வெளியாளுக்குப் புரியக் கூடாது என்பதே அந்தச் சொல்லின் வேலை. நம் துறைச்சொற்கள் மறைப்பதற்காகப் பிறந்தவை இல்லை, வேகமாகப் பேசுவதற்காகப் பிறந்தவை. ஆனாலும் வெளியே நிற்பவர் காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும்.

இனி, ஒரு வரைவை வைத்துக்கொண்டு நான் எப்படி வேலை செய்கிறேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு வாசகரைப் பிடியுங்கள்

"யார் படிப்பார்கள்?" என்று கேட்டால், "எல்லோரும்" என்று பதில் வரும். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தச் சொல்லைப் பற்றியும் முடிவெடுக்க முடியாது. ஒரு துண்டுச்சீட்டில் மூன்று வரி எழுதுங்கள். இவர் என்ன வேலை செய்கிறார்? இந்தப் பக்கத்தை ஏன் திறந்தார்? திறப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்? மூன்றாவது கேள்விதான் அதிகம் உதவும். ஐந்து நிமிடமாக ஒரு பிழைச்செய்தியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்குப் பொறுமை எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

'படித்தவர்', 'படிக்காதவர்' என்ற கணக்கு இங்கே செல்லாது. இதய அறுவைச் சிகிச்சை நிபுணர்கூட ரௌட்டர் கையேட்டின் முன்னால் புதியவர்தான். விளக்கம் தேவைப்படுவதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. அந்தத் துறைக்குள் அவர் எவ்வளவு நாள் புழங்கியிருக்கிறார் என்பதோடுதான் சம்பந்தம்.

நமக்குத் தெரிந்தது எதிராளிக்குத் தெரியாது என்பதை மனம் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளாது. 1989இல் காலின் கேமரர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், மார்ட்டின் வெபர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் எழுதிய பொருளாதாரக் கட்டுரை ஒன்று இதற்கு 'அறிவின் சாபம்' என்ற பெயரைப் பரப்பியது. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். ஒருவர் பிரபலமான ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகள் தட்டப்பட்டதில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் மனதுக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரில் இருப்பவருக்குக் கேட்பதோ வெறும் டொக் டொக். வீட்டில் யாரையாவது உட்காரவைத்துச் செய்து பாருங்கள், இரண்டு நிமிடம்கூட ஆகாது. அடுத்த முறை "இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்" என்று தோன்றும்போது அந்த டொக் டொக் நினைவுக்கு வரும்.

இரண்டாம் படி: அடிக்கோடு போட்டு மூன்று குவியலாகப் பிரியுங்கள்

எழுதும்போதே சொற்களைப் பற்றி யோசிக்க வேண்டாம், எழுத்து நின்றுவிடும். வரைவை முடியுங்கள். அப்புறம் அச்செடுத்தோ திரையிலோ, ஒவ்வொரு சுருக்கப்பெயரையும் துறைச்சொல்லையும் அடிக்கோடிடுங்கள். முதல்முறை செய்கிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து ஆடிப்போவார்கள். நானும் ஆடிப்போனேன்.

பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து இப்படிக் கேளுங்கள்: வாசகர் இந்தப் பக்கத்தை மூடிய பிறகும் இந்தச் சொல்லைச் சந்திப்பாரா? திரையில், பட்டனில், பிழைச்செய்தியில், உதவி மையத்தில் பேசும்போது?

சந்திப்பார் என்றால் சொல்லை வைத்துக்கொண்டு விளக்குங்கள். எளிய தமிழில் எழுதுகிறேன் என்று அதை எடுத்துவிட்டால், திரையில் அந்தச் சொல் தோன்றும்போது அவரிடம் அடையாளம் இருக்காது. சந்திக்கவே மாட்டார் என்றால் சொல்லை எடுத்துவிட்டு, அது சுட்டும் விஷயத்தை நேராகச் சொல்லுங்கள். ஒரே ஒருமுறை வந்துபோகும் சுருக்கப்பெயரை விரித்து, விளக்கி, அப்புறம் திரும்பியே பார்க்காமல் விட்டுவிடும் கட்டுரைகள் ஏராளம். விருந்தாளியை அறிமுகப்படுத்திவிட்டு அடுத்த நொடியே வாசல் வரை கொண்டுபோய் விடுவதுபோல இருக்கும் அது.

மூன்றாவது குவியல், அப்படியே விடவேண்டியவை. யுஎஸ்பி, பிடிஎஃப், வைஃபை போன்றவை. இவை சுருக்கமா பெயரா என்றுகூட யாரும் யோசிப்பதில்லை. லேசரும் ரேடாரும் பிறந்தபோது சுருக்கப்பெயர்கள்தான். ரேடார் என்பது 'வானொலி அலையால் கண்டறிதலும் தொலைவு அளத்தலும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். இன்று அதை விரித்து எழுதினால் படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

எது 'எல்லோருக்கும் தெரிந்தது' என்பதை அன்றன்றைக்கு மனம்போல முடிவு செய்யாதீர்கள், பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் எப்படி இயங்க வேண்டும் என்று வகுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள் பொறியாளர்கள் பொறியாளர்களுக்காக எழுதுபவை. அங்கேயே 2014இல் வெளியான நடைக்கையேடு, தலைப்பிலும் முதல்முறை வரும் இடத்திலும் சுருக்கப்பெயரை விரித்து எழுதச் சொல்கிறது. விதிவிலக்கு உண்டு. அவர்கள் வைத்திருக்கும் சுருக்கப்பெயர்ப் பட்டியலில் சிலவற்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அவற்றை மட்டும் விரிக்காமல் விடலாம். இப்படி ஒரு பட்டியல் உங்கள் குழுவிடமும் இருந்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

மூன்றாம் படி: விரிப்பதா, விளக்குவதா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

ஜேபெக் என்ற பட வடிவத்தை விரித்துப் பாருங்கள். 'ஜாயின்ட் ஃபோட்டோகிராஃபிக் எக்ஸ்பர்ட்ஸ் குரூப்' என்று வரும். அது அந்த வடிவத்தை உருவாக்கிய குழுவின் பெயர்! படத்தைச் சேமிக்க வந்தவருக்குக் குழுவின் பெயரால் என்ன லாபம்? அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த வடிவத்தில் சேமித்தால் கோப்பு சிறிதாகும், பதிலுக்குப் படத்தின் நுணுக்கம் கொஞ்சம் போய்விடும், ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகும் என்பது.

இன்னும் வேடிக்கையானவை உண்டு. உலகப் பொது நேரத்தைக் குறிக்கும் யுடிசியை விரித்தால் எழுத்துகளின் வரிசை ஆங்கிலத்துக்கும் பொருந்தாது, பிரெஞ்சுக்கும் பொருந்தாது. ஆங்கிலப்படி சியுடி என்றும் பிரெஞ்சுப்படி டியுசி என்றும் வர வேண்டியதை, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக யுடிசி என்று வைத்துவிட்டார்கள். க்னூ என்ற மென்பொருள் திட்டத்தின் பெயரை விரித்தால் 'க்னூ யூனிக்ஸ் இல்லை' என்று வரும் (யூனிக்ஸ் ஒரு பழைய இயங்குதளம்). விரிவுக்குள்ளேயே மறுபடி க்னூ. விரித்துக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது. இதையெல்லாம் கையேட்டில் விரித்து எழுதினால் விதியைக் கடைப்பிடித்த திருப்தி எழுதியவருக்குக் கிடைக்கும். வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்க்கலாம். ஓர் இணையதளத்தை ஒரு சர்வரிலிருந்து வேறொன்றுக்கு மாற்றுவதற்கான குறிப்பு. முதல் வரைவு இப்படி:

"டொமைனின் ஏ ரெக்கார்டில் புதிய ஐபியைக் கொடுக்கவும். டிடிஎல் முடிந்ததும் மாற்றம் புரொப்பகேட் ஆகும்."

விரித்து எழுதும் விதிப்படி திருத்தினால் டிடிஎல் 'டைம் டு லிவ்' ஆகும். வாழும் நேரம்? யார் வாழ்வது, எது வரை? விரிவு வந்த பிறகு குழப்பம் ஒரு படி ஏறியதுதான் மிச்சம். இப்போது விளக்கி எழுதிய வடிவம்:

"உங்கள் தளத்தின் பெயரைத் தட்டுகிறவர்களை எந்த எண்-முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் வரி, அமைப்புப் பக்கத்தில் 'ஏ ரெக்கார்ட்' என்ற பெயரில் இருக்கும். அதில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுங்கள். அதே வரியில் 'டிடிஎல்' என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய முகவரியை மற்ற கணினிகள் எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு அது. 3600 என்று இருந்தால், மாற்றிய பிறகும் ஒரு மணி நேரம் வரை சிலருக்குப் பழைய தளமே தெரியலாம். அதைப் பார்த்து மறுபடி எதையும் மாற்ற வேண்டாம்."

நீளம் கூடிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது வடிவத்தைப் படித்தவர் அடுத்த முறை தானாகவே ஒன்று செய்வார். மாற்றுவதற்கு முந்தைய நாளே அந்தக் கட்டத்தில் 300 என்று குறைத்து வைப்பார், ஒரு மணி நேரக் காத்திருப்பு ஐந்து நிமிடமாகும். கையேட்டில் அந்த யோசனை எழுதப்படவே இல்லை. சொல்லின் வேலை புரிந்ததால் அவருக்கே தோன்றும். 'புரொப்பகேட்' என்ற சொல் காணாமல் போனதையும் கவனியுங்கள். அது எந்தத் திரையிலும் வருவதில்லை, அதனால் எடுத்துவிட்டேன். ஏ ரெக்கார்டும் டிடிஎல்லும் திரையில் இருப்பவை, அதனால் இருக்கின்றன.

அப்படியென்றால் விரிவுக்கு வேலையே இல்லையா? உண்டு. ஒரே எழுத்துகள் இரண்டு பொருள் தரும்போது, விரிவு எது என்று பிரித்துக் காட்டும். வாசகர் மேலே தேடிப் படிக்க விரும்பினால் முழுப்பெயர் கையில் இருக்க வேண்டும். நிறுவனப் பெயர், சட்டப் பெயர் போன்றவற்றை விரித்துத்தான் ஆக வேண்டும். மற்றபடி, இடம் ஒன்றுக்குத்தான் என்றால் விரிவை விட்டுவிட்டு விளக்கத்தை எழுதுவேன்.

விளக்க வரி எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரு துறைச்சொல்லை விளக்க இன்னும் மூன்று துறைச்சொற்களைக் கூப்பிடுவது. "ஏபிஐ என்பது கிளையன்டும் சர்வரும் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் மூலம் தொடர்புகொள்ளும் இன்டர்ஃபேஸ்." தெரிந்தவர் தலையாட்டுவார், தெரியாதவர் ஐந்து சொற்களில் மாட்டிக்கொள்வார். "ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் தகவலோ வேலையோ கேட்பதற்கென்று திறந்து வைத்திருக்கும் வழி" என்றால் போதும். முழுமையான வரையறை இல்லைதான். ஆனால் வாசகர் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

நான்காம் படி: எங்கே விளக்குவது

சொல் வரும் அதே வாக்கியத்தில், அல்லது ஒட்டி அடுத்த வாக்கியத்தில். 'பின்னர் விளக்கப்படும்' என்பது வாசகர் காதில் 'இப்போதைக்குக் குழம்பிக்கொண்டிரு' என்றுதான் விழும்.

'முதல்முறை வரும் இடத்தில்' என்ற விதி, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்த காலத்தில் உருவானது. இன்று தேடுபொறி உங்கள் கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் ஆளை நேராகக் கொண்டுவந்து இறக்குகிறது. நீங்கள் மூன்றாம் பக்கத்தில் அழகாக விளக்கியதை அவர் பார்க்கவே போவதில்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள். தேவையானால் விளக்கத்தை மறுபடி எழுதுங்கள், சின்னதாக. ஒரு சொற்றொடர் இரண்டு பக்கத்தில் திரும்ப வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியில் சொற்பட்டியல் போடலாம், போடுங்கள். ஆனால் அதை நம்பி உள்ளே விளக்காமல் விடாதீர்கள். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்பவர் பின்பக்கம் புரட்ட மாட்டார். சொல்லின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் விளக்கம் தோன்றும் ஏற்பாடும் அப்படித்தான். போனில் மவுஸ் ஏது? அச்சிட்ட தாளில் ஏது? இணையப் பக்கங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டு நெறிகளில் சுருக்கப்பெயருக்கென்றே 3.1.4 என்று ஓர் அம்சம் உண்டு. விரிவையோ பொருளையோ அறிய வழி இருக்க வேண்டும் என்கிறது அது. இருப்பதிலேயே உயர்ந்த நிலையில்தான் அதைக் கேட்கிறார்கள், எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமில்லை. வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் அதுவும் தானாக நிறைவேறிவிடும்.

ஐந்தாம் படி: வேஷம் போட்ட சொற்களைத் தேடுங்கள்

சுருக்கப்பெயர் பார்த்தவுடன் தெரியும். "இது எனக்குத் தெரியாது" என்று வாசகர் உடனே உணர்ந்துவிடுவார், தேடியாவது பார்ப்பார். ஆபத்தானவை சாதாரணச் சொல்போல உட்கார்ந்திருக்கும் துறைச்சொற்கள். தனக்குத் தெரியவில்லை என்பதே வாசகருக்குத் தெரியாது.

மருத்துவப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி. அன்றாடப் பேச்சில் நெகட்டிவ் என்றால் கெட்டது. அறிக்கையைக் கையில் வாங்கிய கணத்தில் எந்தப் பொருள் முந்திக்கொண்டு வரும்? புள்ளியியலில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்றால் பெரிய வேறுபாடு என்று பொருளில்லை. தற்செயலால் மட்டும் வந்திருக்கும் என்று சொல்வது கடினம் என்பதுதான் பொருள். வேறுபாடு மிகச் சிறியதாகக்கூட இருக்கலாம். நிரலாளர் 'கிளை', 'பொருள்', 'மரம்', 'சரம்' என்றால் தாவரவியலும் இல்லை, பூமாலையும் இல்லை.

ஆர்எஃப்சி எழுதுபவர்கள் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டார்கள். 'கட்டாயம்', 'வேண்டும்', 'செய்யலாம்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களை ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொள்ளாமல் இருக்க, 1997இல் ஆர்எஃப்சி 2119 என்று ஓர் ஆவணமே வெளியிட்டு ஒவ்வொன்றின் பொருளையும் வரையறுத்தார்கள். 'வேண்டும்' என்பது கட்டாயமா, பரிந்துரையா? தமிழிலும் இதே தகராறு உண்டு. "கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்" என்று நீங்கள் எழுதினால், மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும்.

இந்த வகைச் சொற்களை நீங்களே கண்டுபிடிப்பது கடினம். துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, "எந்த வரி விசித்திரமாக இருக்கிறது?" என்று கேளுங்கள்.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் தொல்லைகள்

என் டிபி கதைக்குத் திரும்புவோம். ஆங்கிலத்தில் பி ஓசைக்கும் ட ஓசைக்கும் வல்லினம் ஒன்று, மெல்லோசை ஒன்று என இரண்டிரண்டு எழுத்துகள். தமிழில் பி ஒன்றுதான், டி ஒன்றுதான். அதனால் அங்கே எழுத்திலேயே வேறுபட்டு நிற்கும் நான்கு சுருக்கங்கள் இங்கே ஒரே 'டிபி' ஆகிவிடும். அவற்றில் மூன்றைப் பாருங்கள்: டேட்டாபேஸும் டிபி, புரொஃபைல் படமும் டிபி, காசநோயும் டிபி. மருத்துவமனை மென்பொருளின் கையேட்டில் மூன்றும் ஒரே பக்கத்தில் வர வாய்ப்பிருக்கிறது! ஆங்கிலத்தில் படித்தால் தானாகத் தீர்ந்துவிடும் குழப்பம் தமிழில் தீராது. ஆகவே ஆங்கில மூலத்தில் விரிக்காமல் விட்டிருந்தாலும், பி-யும் டி-யும் உள்ள சுருக்கப்பெயரைத் தமிழில் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இரண்டு பொருள் தட்டுப்பட்டால் சுருக்கத்தையே விட்டுவிட்டு முழுச்சொல்லை எழுதுவது நல்லது. நான் இப்போது டேட்டாபேஸ் என்றே எழுதுகிறேன். மூன்று எழுத்து கூடுதல், போன் அழைப்பு குறைவு.

திரையில் ஒரு சொல் ரோமன் எழுத்தில் இருந்தால், வாசகர் அதைக் கண்ணால் தேடப்போகிறார் என்பதை மறக்க வேண்டாம். பட்டனின் இடத்தையும் நிறத்தையும் சேர்த்துச் சொல்லலாம், அல்லது திரையின் படத்தையே வைத்துவிடலாம்.

தமிழ்க் கலைச்சொற்கள் விஷயத்தில் நண்பர்களோடு எனக்கு ஓயாத வழக்கு. 'உலவி' நல்ல சொல். ஆனால் உங்கள் வாசகர் 'பிரவுசர்' என்று மட்டுமே கேட்டிருந்தால், உலவியும் அவருக்கு விளக்க வேண்டிய துறைச்சொல்தான். தமிழாக இருப்பதாலேயே ஒரு சொல் எளிதாகிவிடாது. கோப்பு, கடவுச்சொல், மென்பொருள் போன்றவை புழங்கிப் புழங்கி எளிதானவை. புதிய சொல்லைப் பரப்ப ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யுங்கள். முதலில் தெரிந்த சொல்லைச் சொல்லி, அதன் தோளில் புதியதை ஏற்றுங்கள், பிறகு அந்தச் சொல்லையே கடைசி வரை எழுதுங்கள்.

கடைசி வரை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் நடை அலுக்கும் என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். கட்டுரைப் போட்டிக்கு அது சரி. கையேட்டில் முதல் பத்தியில் கோப்பு, இரண்டாவதில் ஃபைல், மூன்றாவதில் ஆவணம் என்று எழுதினால், வாசகர் மூன்று வெவ்வேறு பொருள்களைத் தேடத் தொடங்குவார்.

நிபுணர்கள் கோபித்துக்கொள்வார்களா?

புதியவர்களின் பெரிய பயம் இது. விளக்கினால் தெரிந்தவரை அவமதித்ததுபோல ஆகாதா? நீளத்தைப் பொறுத்தது. ஐந்தாறு சொற்களில் ஒரு விளக்கம் வாக்கியத்துக்குள் வந்துபோனால், தெரிந்தவர் கண் அதில் நிற்பதே இல்லை. அரைப்பக்கம் பாடம் எடுத்தால் எரிச்சல்தான் வரும். நீண்ட விளக்கம் தேவையென்றால் அதைத் தனிப்பக்கமாக்கி இணைப்பு கொடுங்கள், வேண்டியவர் போகட்டும். சக பொறியாளர்கள் மட்டும் புரட்டும் கட்டளைப் பட்டியலில் எதையும் விளக்க வேண்டாம். அங்கே வேகம்தான் முக்கியம்.

ஆனால் 'நிபுணர்களுக்குள்தானே' என்ற சமாதானமும் எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004இல் மருத்துவக் குறிப்புகளில் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியலே வெளியிட்டது. அவற்றை எழுதுபவர் மருத்துவர், படிப்பவர் செவிலியர் அல்லது மருந்தாளுநர். மூவருமே துறைக்காரர்கள். இருந்தும் 'யூனிட்' என்பதற்கு யு என்ற ஒற்றை எழுத்தைக் கையால் எழுதினால் பூஜ்ஜியம்போலத் தெரியும். 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். எம்எஸ் என்று எழுதினால் மார்ஃபின் சல்ஃபேட்டா, மக்னீசியம் சல்ஃபேட்டா? இரண்டுமே மருந்துகள், செய்யும் வேலை முற்றிலும் வேறு. 1.0 என்று எழுதுவதையும் தடுத்திருக்கிறார்கள், புள்ளி கண்ணில் படாவிட்டால் 10. தவறாகப் படித்தால் என்ன சேதம் என்று பாருங்கள். சேதம் பெரிது என்றால், படிப்பவர் யாராக இருந்தாலும் முழுச்சொல்லை எழுதுங்கள்.

ஆறாம் படி: ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள், அதிலும் எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. அதற்குப் பதில், "இதை உங்கள் வார்த்தையில் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நோயாளிக்கு மருந்து முறை புரிந்ததா என்று அறிய மருத்துவத் துறையிலும் இப்படித்தான் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். இன்னும் நல்லது, கையேட்டைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருவது. எந்த வரியில் கண் பின்னோக்கிப் போகிறது, எங்கே விரல் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்யக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வாயைத் திறந்து விளக்கிய ஒவ்வொரு வார்த்தையும் கையேட்டில் எழுதாமல் விட்ட வார்த்தை.

இருவர் அல்லது மூவரிடம் பார்த்தாலே தடுக்கும் சொற்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும். எல்லோரும் தடுமாறிய சொல்லைத் திருத்துங்கள். ஒருவர் மட்டும் தடுமாறினால், அவர் உங்கள் துண்டுச்சீட்டில் இருக்கும் வாசகர்தானா என்று பாருங்கள். அவர்தான் என்றால் அதையும் திருத்துங்கள்.

திருத்தியவற்றை ஒரு பட்டியலில் ஏற்றுங்கள்: சொல், அதை எப்படி எழுதுவது என்ற முடிவு, ஒரு வரி விளக்கம், கடைசியாகப் பார்த்த தேதி. தேதி எதற்கென்றால், சொற்களும் நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று விளக்க வேண்டியிருந்த சொல் இன்று நட்சத்திரக் குறி வாங்கியிருக்கும். வருடம் ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்து, குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் கொடுங்கள். சேர்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஆனால் அவருக்கும் பாட்டு கேட்க ஆரம்பித்துவிடும்.